நானூற்றெட்டு மீட்டர்

பற்சக்கரத்தின் வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்து அது கணினியில் பூட்டப்பட்ட செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து, அதை வடிவமைத்தவரால் தன் அலுவலக நாற்காலியை விட்டு நானூற்றெட்டு மீட்டருக்கு மேல் நடக்க முடியவில்லை. அவர் வீட்டு வாசலோ நானூற்றுப் பதினைந்தாவது மீட்டரில் இருந்தது. தையல்கடை முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. சுவர் எதுவும் இல்லை, வலியும் இல்லை. அதற்கு மேல் சாலை அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

காரணம் மறுநாளே தெரிந்துவிட்டது. மண்வாரி இயந்திரத்தின் இரும்புச் சங்கிலியை இழுத்து ஓட்டுகிற சக்கரம் அது. இருபத்தைந்து பல், ஆரம் நானூற்றெட்டு மில்லிமீட்டர். வரைபடம் போடும் மென்பொருளில் ஆரம் என்கிற ஒரு எண்ணை மாற்றினால் போதும், பல், துளை, விளிம்பு எல்லாம் தானாக அதற்கேற்ப மாறிக்கொள்ளும். அப்படி மற்றதையெல்லாம் ஆட்டிவைக்கிற எண்ணுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். எல்லோரும் சக்கரம் ஒன்று, சக்கரம் இரண்டு என்று வைப்பார்கள். இவர் அடுத்தவர் கோப்போடு குழம்பிவிடக் கூடாதென்று, வீட்டில் தன்னைக் கூப்பிடுகிற ‘துரை’ என்ற பெயரையே வைத்துத் தொலைத்தார். வரைபடம் பூட்டப்பட்டபோது அவரும் சேர்ந்து பூட்டப்பட்டார். மில்லிமீட்டர் எப்படி மீட்டரானது என்று யாரும் கேட்கவில்லை. மனுஷனுக்கென்றால் அளவு கொஞ்சம் பெரிதாகத்தானே இருக்கும்.

வேறு ஆளாக இருந்தால் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்திருப்பார். ஆனால் உள்ளறைக் கட்டிலில் அவர் அம்மா இடுப்பெலும்பு உடைந்து படுத்திருந்தார். அசைக்கவே கூடாதென்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனைவி சாப்பாட்டைத் தையல்கடைக்கு எடுத்து வந்தாள். தையல்காரர் துணி வெட்டும் மேசைக்கடியில் படுக்க இடம் கொடுத்தார். இப்படியே இரண்டு வருடம் போயிற்று. மனைவி எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அம்மா நம்பவில்லை. “ஏழு மீட்டர் நடக்க முடியலையாம்! என் பக்கத்துல வர அவனுக்கு அருவருப்பா இருக்கு. அதை நேரா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?” என்று முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அதை மனைவி வந்து சொன்ன அன்று, தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளுக்கு நடுவே நின்று அவர் அழுதார். உயிரோடு புதைத்த மாதிரி இருந்தது அவருக்கு.

பல்லைக் கூட்டினால் சக்கரத்தின் ஆரம் கூடும், அவர் நடக்கிற தூரமும் கூடும். இருபத்தேழு பல் வைத்தால் நானூற்று நாற்பது மீட்டர் வரும், ஆனால் சக்கரம் மேல்மூடியில் இடிக்கும். இருபத்தாறு வைத்தால் நானூற்று இருபத்து நான்கு. கட்டில் இருப்பது நானூற்று இருபத்தொன்றில். ஆனால் இருபத்தாறு மகா தப்பு. அந்தச் சங்கிலி ஒன்று விட்டு ஒரு பல்லைத்தான் பிடிக்கும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் அடுத்த சுற்றில் மற்றப் பற்களின் முறை வரும். இரட்டைப்படை என்றால் ஆயுசுக்கும் அதே பற்கள்தான் தேயும்.

“கத்துக்குட்டிகூட இருபத்தாறு போடமாட்டான்யா. பூட்டைத் திறந்து மாத்தக் காரணம்னு என்ன எழுதுறது?” என்றார் மேலாளர்.

“அம்மாவைப் பாக்கணும்னு எழுதுங்க சார்.”

மேலாளர் கடுகடுப்பானவர்தான். ஆனால் தன் சட்டைகளை அதே கடையில் தைக்கக் கொடுப்பவர், மேசைக்கடியில் சுருட்டி வைத்த பாயைப் பார்த்தவர். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை துரை தையல்கடையைத் தாண்டினார், வாசலைத் தாண்டினார், கட்டிலருகே போய் நின்றார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வேலை முடிஞ்சுதா?” என்று கேட்டார். “முடிஞ்சுதும்மா” என்றார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தவர், சாப்பாடு ஆறிப்போகும் வரை விடவில்லை. கட்டிலுக்கு மூன்று மீட்டர் தள்ளிக் கொல்லைக் கதவு. அதைத் திறக்க அவரால் முடிந்தது, தாண்ட முடியவில்லை.

அந்த வாரத்திலிருந்து அவருடைய வலது கால் செருப்பு மட்டும் தேய ஆரம்பித்தது. இடது புதுக் கருக்கு மாறாமல் அப்படியே இருந்தது. செருப்புக்கடைக்காரர் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு, அவருக்கு மட்டும் வலதைத் தனியாக விற்றார். சக்கரங்களில் பாதிப் பற்கள் மழுங்கிப்போகின்றன, உடனே இருபத்தைந்துக்குத் திரும்புங்கள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது. பரிசீலனையில் இருக்கிறது என்று மேலாளர் மாதம் ஒரு பதில் போட்டார்.

ஒருநாள் வீடு பெருக்கும்போது கட்டிலுக்கடியில் கிடந்த பதினோரு பழைய வலது செருப்புகளை மனைவி அள்ளி வெளியே போடப் போனாள்.

“அதைத் தொடாதே. அத்தனையும் என்கிட்ட வந்து வந்து தேஞ்சது” என்றார் அம்மா.