பக்கம் திருப்பும் இடம்

ஞாயிறு ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அர்வின் ப்ளூகர் எல்லோர் காதிலும் விழும்படிக் கேட்டார்.

"என்ன ஹார்ம், உங்க வீட்டுப் பொண்ணு காலத் தூக்கி ஆடறதுக்குக் காலேஜ் சேரப் போகுதாமே?"

"ஆடறதுக்கு மட்டும் இல்ல. பாட, நடிக்க, எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்," என்றேன். "உங்க பையன் காலேஜ்ல என்ன படிச்சான்னு இன்னும் ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. அதுக்கு இது தேவல."

பக்கத்தில் நின்றவர்கள் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். ப்ளூகர் கேக் எடுக்கப் போய்விட்டார்.

எனக்கும் அந்தப் படிப்பு பிடிக்கவில்லை என்பதை ப்ளூகரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் எல்சிங்கா குடும்பம் மிச்சிகன் ஏரியின் இந்தக் கரையில் ஐந்து தலைமுறையாக இருக்கிறது. வீட்டுக்குள் நாங்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் முரண்படுவோம். வாசலுக்கு வெளியே எங்களுக்கு ஒரே பேச்சுதான்.

மரீகா என் தங்கை ரெனாவின் மகள். ரெனா செப்டம்பரில் இறந்துபோனாள். மரீகாவின் அப்பா ஏரிக் கப்பல்களில் இன்ஜின் வேலை பார்ப்பவர். குளிர்காலத்தில் கப்பல்கள் ஓடாதபோதும் எதிர்க்கரையில் பழுது பார்க்கும் வேலை இருக்கும். அதனால் பெண் என்னோடுதான் இருந்தாள். நோய் முற்றியபோது ரெனா மகளை அழைத்துக்கொண்டு எங்கள் பெற்றோரின் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். திருமணம் செய்துகொள்ளாத நான் அந்த வீட்டை விட்டு எங்கும் போனதில்லை.

ரெனா எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவள். அவள் சிறுமியாக முதல் முறை வாசித்த நாளிலிருந்து அவள் பக்கத்தில் நின்று இசைத்தாளைத் திருப்பியவன் நான். தலையை இம்மியளவு அசைப்பாள், நான் திருப்புவேன். என் கையை யாரும் கவனித்ததில்லை. அப்படி இருப்பதுதான் அந்த வேலையின் மரியாதை.

கடைசிக் கோடையில் கல்லூரியில் இடம் கேட்டு மகள் பாடிக் காட்ட வேண்டிய ஆடிஷன் பாட்டுகளுக்கு உண்டான பியானோ பகுதியை எல்லாம் ரெனாவே வாசித்து போனில் பதிவு செய்து வைத்தாள். முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசிப்பாள்.

"நான் வந்து திருப்பட்டுமா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"வேண்டாண்ணா. நானே பாத்துக்கறேன்."

விரல்கள் நடுங்குவதை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். நான் அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நவம்பரில் கல்லூரிகளுக்கு வீடியோ அனுப்ப வேண்டும். இரண்டு பாட்டு, ஒரு வசனம், கொஞ்சம் நடனம். மரீகா அம்மாவின் பதிவை ஓடவிட்டுப் பாடி அனுப்பினாள். இவை போக, தான் யார் என்று காட்டுவதற்குத் தன் விருப்பம்போல் இன்னொரு வீடியோவும் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அவளுடைய பாட்டு டீச்சர் டோரீன் பாஸ்கோ அதைப் பற்றிப் பேச வீட்டுக்கு வந்தாள். உல்லாசக் கப்பலில் பன்னிரண்டு வருடம் பாடியவள். குரல் எப்போதும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்.

"கண்ணு, நான் வெளிப்படையாச் சொல்றேன்," என்றாள் மரீகாவிடம். "ஆயிரம் பொண்ணுங்க செருப்புல தாளம் தட்டி அனுப்புவாங்க, நாய்க்குட்டியோட ஆடி அனுப்புவாங்க. நீ அந்தப் பியானோ முன்னாடி உக்காந்து அம்மாவப் பத்தி ஒரு நிமிஷம் பேசு. அது போதும். பாக்கறவங்க உருகிடுவாங்க."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"எங்க வீட்டுச் சாவு காட்சிக்கு இல்ல, மிஸ் பாஸ்கோ."

"ஹார்ம், உக்காருங்க. நீங்க எழுந்து நின்னா கூரை இடிக்குது."

"நின்னுக்கிட்டே சொல்றேன். இல்ல."

"உங்களக் கேக்கல. அவளக் கேட்டேன்."

மரீகா ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை. "நான் ஆப்பிள் பை சுடறத எடுத்து அனுப்பறேன் டோரீன். சுடும்போது பாடிக்கறேன்," என்றாள்.

டோரீன் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே மரத்துல செஞ்ச கதவு," என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு ஆப்பிளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பை சுட்ட வீடியோவைப் பார்த்தார்களோ என்னவோ, எந்தக் கல்லூரியை அவள் முதலில் விரும்பினாளோ அது பிப்ரவரியில் நேரில் வரச் சொன்னது. சிகாகோவில் ஒரு ஹோட்டல். ரெனாவுக்கும் அந்தக் கல்லூரிதான் மனதில் இருந்தது. அது கிடைக்கவில்லையென்றால் நம் ஊரிலேயே கணக்கெழுதப் படிக்கிறேன் என்று மரீகா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

நேரில் பாடும்போது பதிவு கூடாது. அங்கே ஒரு பியானோ கலைஞர் இருப்பார். அவர் நம்மை முன்பின் பார்த்திருக்க மாட்டார். தாளை அவர் முன்னால் வைத்து, எந்த வேகம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடுவில் போய் நின்று பாட வேண்டும். அதற்குப் பழகுவதற்காக டோரீன் ஒரு சனிக்கிழமை ஃபெலிக்ஸ் என்ற இளைஞனை அழைத்து வந்தாள். கல்லூரி நாடகங்களுக்கு வாசிப்பவன். மரீகாவின் தாள்களைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டி, நீளமாக விரித்து வைத்தான். இப்படி வைத்தால் வாசிப்பவர் திருப்பவே வேண்டாம் என்றான்.

அது ஒரு சலவைக்கடைப் பெண் பாடுகிற பாட்டு. ஊரை விட்டுப் போகிற ரயிலைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்ப்பவள், ஒரு நாள் சட்டைகளை அப்படியே போட்டுவிட்டு ஏறிப் போகிறாள். மரீகா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில், ரயில் வந்து நிற்கிற வரிக்கு முன்னால், பியானோ முன்னால் போய்விட்டது, அவள் நின்றுவிட்டாள். பிறகு ஓடிப் பிடித்தாள்.

"மறந்துட்டியா?" என்றான் ஃபெலிக்ஸ்.

"இல்ல. திரும்ப வாசிங்க."

திரும்பவும் அதே இடத்தில் நின்றாள். மூன்றாவது முறையும் அப்படியே.

"தாள்ல இங்க நிறுத்தமே இல்லையே," என்றான் ஃபெலிக்ஸ். "உனக்கு இது எங்கிருந்து வந்துச்சு?"

அவள் போனை எடுத்து அம்மாவின் பதிவை ஓடவிட்டாள். அந்த இடம் வந்தது. பியானோ நின்றது. காகிதம் உரசும் சத்தம். ஒரு மூச்சு. பிறகு பியானோ தொடர்ந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. திருப்புவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் ரெனா தானே கையை எடுத்து, நடுங்கும் விரலால் தாளைப் பிடித்துத் திருப்பியிருக்கிறாள். இந்தப் பெண் ஆறு மாதமாக அதையும் பாட்டின் பகுதியாக நினைத்துப் பாடம் செய்து வைத்திருக்கிறாள்.

டோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, இத சரிபண்ணணும் கண்ணு. அங்க இருக்கறவங்க நீ வரிய மறந்துட்டேன்னு நெனைப்பாங்க," என்றாள்.

"வேணும்னா நான் பென்சில்ல குறிச்சுத் தரேன்," என்றான் ஃபெலிக்ஸ் தணிந்த குரலில். "இங்க ஒரு மூச்சு நிறுத்துங்கன்னு. வாசிக்கறவர் நிறுத்துவார். அது பெரிய விஷயம் இல்ல."

மரீகா பென்சிலை வாங்கி அவளே குறித்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு சமையலறையில் அவளிடம் பேசினேன்.

"அந்தக் குறிய அழிச்சிடு."

"ஏன் மாமா?"

"உன் அம்மா கதவ சாத்திக்கிட்டு வாசிச்சா. என்னைக்கூட உள்ள விடல. அந்தக் கதவ நீ முன்பின் தெரியாதவங்களுக்குத் திறந்து காட்டாத."

"அவங்களுக்கு என்ன தெரியப் போகுது? ஒரு நிறுத்தம், அவ்ளோதானே."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

அவள் வெகுநேரம் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு தண்ணீரை நிறுத்தாமலே சொன்னாள்: "பாட்டு முழுக்க அம்மா வாசிக்கறாங்க மாமா. அந்த ஒரு இடத்துலதான் வாசிக்காம இருக்காங்க. அங்க மட்டும்தான் அவங்க மூச்சு கேக்குது."

அப்போதும் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் தினமும் பள்ளி முடிந்து ஃபெலிக்ஸிடம் போனாள். இரவில் அவள் அறையிலிருந்து பாட்டு கேட்கும். சில நாள் நின்று பாடுவாள், சில நாள் நிற்காமல். எதைத் தீர்மானித்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் பதினேழு வயதுப் பெண்ணின் அறைக் கதவை நான் தட்டுவதில்லை.

ஆடிஷன் அன்று ஏரியைச் சுற்றிக்கொண்டு பனியில் வண்டி ஓட்டிப் போனோம். நான் கறுப்பு நீளக் கோட்டும் டையும் அணிந்திருந்தேன். ஹோட்டல் தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகள். ஒருத்தி சுவரைப் பார்த்து அழும் வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் தரையில் கால்களை விரித்துப் படுத்து, குரலைத் தயார்படுத்த உதடுகளைப் புர்ரென்று ஊதிக்கொண்டிருந்தான். எல்லோர் நெஞ்சிலும் எண் ஒட்டியிருந்தது. என் குடும்பத்துப் பெண் மீது எண் ஒட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் கூன் போட்டு உட்கார்ந்திருந்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அது எனக்குப் போதும்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தாய் வெந்நீர்ப் புட்டியும் தேனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "தாத்தாவா?" என்றாள்.

"மாமா."

"நீங்க ரொம்ப தைரியமா இருக்கீங்க. எனக்குக் காலையிலிருந்து பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றேன். ஏன் அந்த அந்நியப் பெண்ணிடம் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மரீகாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. கதவோரமாக நான் உட்கார்ந்திருந்தேன். முதலில் பேச்சுக் குரல், அவள் பெயர் சொல்லும் குரல். பிறகு பியானோ.

வாசித்தவர் திறமைசாலி. அவள் குரல் மெதுவாக எழுந்தது, ஜன்னலுக்குப் போனது, ரயிலைப் பார்த்தது. அந்த இடம் நெருங்கியது. என் வலது கை மடியிலிருந்து தானாக எழும்பியது. ஒரு தலையசைப்புக்காக அது அந்தரத்தில் காத்திருந்தது.

பாட்டு நிற்கவில்லை. பியானோவும் அவளும் ஒன்றாக அந்த இடத்தைக் கடந்து போனார்கள். ஒரு தடங்கல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. ரயில் வந்தது, அவள் ஏறினாள், போனாள். நான்தான் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் தங்கிவிட்டேன். அந்தத் தாய் என் கையைப் பார்ப்பதைக் கண்டு அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே பேசினார்கள், சிரித்தார்கள். இன்னொரு பாட்டு கேட்டது. மரீகா வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ரெண்டாவது பாட்டு கேட்டாங்களா?" என்றாள் அந்தத் தாய். "அப்ப உன்னப் பிடிச்சுப் போச்சு! என் பொண்ணுகிட்ட நாலு இடத்துல ஒருத்தரும் கேக்கல."

"நன்றி," என்றாள் மரீகா. "உங்க பொண்ணுக்கும் நல்லபடியா நடக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "போலாம் மாமா," என்றாள்.

வண்டி நிறுத்திய கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்தோம். நான் சாவியைப் போட்டுச் சூடு வருவதற்காகக் காத்திருந்தேன்.

"நல்லா பாடின," என்றேன். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

"குறிய அழிச்சிட்டேன். நேத்துதான்." கையுறையைக் கழற்றினாள். "நீங்க சொன்னதுக்காக இல்ல. இடம் கிடைக்கணும்னு அழிச்சேன்."

"எதுக்காக இருந்தா என்ன."

அவள் போனை எடுத்தாள். அம்மாவின் பதிவு. வண்டிக்குள் பியானோ ஒலித்தது, எங்கள் முன்னறையின் பியானோ, மேல்ஸ்தாயியில் கொஞ்சம் தகரச் சத்தம் வரும் பியானோ. மரீகா வெறும் முனகலாக அதோடு பாடிக்கொண்டு வந்தாள். அந்த இடம் வந்ததும் அவள் நிற்கவில்லை. அவள் குரல் முன்னால் போய்விட்டது. பின்னால் காகிதம் உரசியது, மூச்சு கேட்டது.

மறுபடி முதலிலிருந்து போட்டாள். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தாள். நிற்க முடியவில்லை. ஃபெலிக்ஸோடு நான்கு வாரம் நிற்காமல் பாடிய பழக்கம் அவளை இழுத்துக்கொண்டு போனது.

மூன்றாவது முறை போட்டுவிட்டு, பாதியிலேயே அணைத்தாள்.

"அம்மாவ விட்டுட்டுப் போறேன் மாமா," என்றாள். "அவங்க பக்கத்தத் திருப்பறதுக்குள்ள நான் போயிடறேன்."

பிறகு அழுதாள். அடக்கமான அழுகை இல்லை அது. மருத்துவமனையிலோ கல்லறையிலோ அவள் அப்படி அழுததில்லை. ஐந்து மாதமாக நானும் அவளும் ஊர் முன்னால் நிமிர்ந்து நின்றோம். இப்போது அந்த வண்டி நிறுத்துமிடத்தில், கண்ணாடி வழியாக வருவோர் போவோர் எல்லோரும் பார்க்கும்படி உடைந்துபோயிருந்தாள். பின்னால் ஒரு கார் வந்து நின்றது. எங்கள் இடத்துக்காக ஹார்னை அடித்தது.

தோளில் கை வைக்கத் தெரிந்தவனாக இருந்திருந்தால் வைத்திருப்பேன். கதவைத் திறந்து இறங்கினேன். அந்தக் கார்க்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"சார், எடுக்கறீங்களா இல்லையா?"

"இல்ல."

"எஞ்சின் ஓடுது, இல்லங்கறீங்க! எவ்ளோ நேரம் ஆகும்?"

"தெரியாது."

அவர் ஏதோ திட்டிக்கொண்டே போனார். நான் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். கோட்டின் பொத்தான்களைக் கழற்றி இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு முதுகைக் காட்டி, நடைபாதையைப் பார்த்து நின்றேன். நெஞ்சில் எண் ஒட்டிய பிள்ளைகளும் பெட்டி இழுக்கும் தாய்மார்களும் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரிய நான் விடவில்லை.