கேப்பில் நின்ற நெருப்பு

நெம்மேலி காஜா மொய்தீன் 1953 மாசியில் சுட்ட குண்டு 1958 ஐப்பசியில்தான் குழலைவிட்டு வெளியே வந்தது. சவுக்குத் தோப்பில் பன்றி விரட்ட வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. தோட்டாவின் அடியில் 'கேப்' என்கிற செப்பு மூடியைக் கட்டைவிரலால் தடவுவான். துப்பாக்கி ஊசி இடித்த பள்ளம் இருந்தால் அது வெடித்துச் செத்த தோட்டா என்று முடிவுகட்டிவிடுவான். அன்றைக்கும் பள்ளம் இருந்தது. முந்தின நாள் ஈரத்தில் வெடிக்காமல் போன தோட்டா அது என்பது அந்த மடையனுக்கு மறந்துபோயிற்று. முற்றத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த மனைவி பதருன்னிசாவை விளையாட்டாகக் குறிபார்த்து விசையை இழுத்தான்.

'டிக்' என்றது. "இன்னாம்மே, பயந்துட்டியா? செத்த தோட்டா இது" என்று சிரித்தான். அப்புறம்தான் குழலுக்குள் கடுகு பொரிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அது நிற்கவேயில்லை. துப்பாக்கியை எந்த மூலையில் போட்டாலும் குழல் அவள் பக்கமே திரும்பியது. மாமல்லபுரம் போய்க் கடலில் எறிந்தான். மூன்றாம் நாள் நெம்மேலிக் கரையில் வீட்டைப் பார்த்துக் கிடந்தது. செங்கல்பட்டில் துப்பாக்கி பழுதுபார்க்கும் சுப்பிரமணியிடம் பஸ்ஸில் கொண்டுபோனபோது, சாக்குக்குள்ளிருந்தபடி வழிநெடுக வீடிருக்கும் கிழக்கையே பார்த்தது.

சுப்பிரமணி காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சட்டென்று விலகினார். "ஊசி இடிச்சா கேப்புல கீற மருந்து நசுங்கி நெருப்பு வரும். அது பொத்தல் வழியா உள்ள பூந்து பெரிய மருந்தப் பத்தவெக்கணும். உன் நெருப்பு பொத்தல்லயே நின்னுகினு கீது. தொறந்துடாத."

"எவ்ளோ நேரம் நிக்கும்ணா?"

"கண்ணு சிமிட்டுற நேரந்தான். இன்னும் சிமிட்டி முடிக்கல."

அன்றிலிருந்து காஜா மொய்தீன் துப்பாக்கிக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்தான். சாப்பாடும் தொழுகையும் அங்கேயே. அவள் ஆரம்பத்தில் அழுதாள். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து, "நவுருங்க, அது எனக்கு வந்தது" என்று சொல்லிப் பார்த்தாள். அவன் நகரவில்லை. நடுவில் சைதூன் என்று ஒரு பெண் பிறந்தாள்.

1958 ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு முன் வெடித்தது. குண்டு அவன் நெஞ்சுக்குள் புகுந்து, சட்டையில் ஒரு நூலும் அறாமல் முதுகுவழியாக வெளியே போயிற்று. அவனுக்குக் குளிர்ந்தது, அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கப் பயந்து, அவள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டான்.

பள்ளிவாசல் பதிவேட்டில் பதருன்னிசா மௌத்தான தேதியை 1953 மாசி என்றே எழுதினார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவளுக்குப் பிறந்த சைதூனைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டுபோய்ச் சோறு ஊட்டினார்கள். குழந்தைக்கு அம்மா ஜாடை என்று எல்லாரும் சொன்னார்கள்.