மிச்சம் மூன்று

தங்கைக்குத் தவளை என்று பட்டம் கட்டியவன் அண்ணன்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற அந்த மனுஷனுக்கு நீச்சல் சுட்டுப் போட்டாலும் வராது. ஆனால் பதினான்கு வருஷமாக, உள்நாட்டில் தவளை நீந்துகிற போட்டிக்கெல்லாம் எண் பலகை பிடிப்பவன் அவனே. ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் என்றால் சும்மாவா? குளத்தின் நீளத்தை முப்பது தடவை கடக்க வேண்டும். நீந்துகிறவளுக்கு எண்ணிக்கை தப்பிவிடும். அதனால் எதிர்முனையில் ஒருவர் மண்டி போட்டு, இன்னும் எத்தனை நீளம் மிச்சம் என்று பலகையைத் தண்ணீருக்குள் காட்டுவார். இருபத்தொன்பது, இருபத்தேழு என்று குறைந்துகொண்டே வந்து, ஒன்று தெரிந்தால் உயிரைக் கொடுத்து நீந்த வேண்டியதுதான். கடைசிச் சுற்றுக்கு மணியும் அடிப்பார்கள். அடித்து என்ன பயன்? காதில் ஆபரேஷன் ஆனதிலிருந்து தவளை இரண்டு காதையும் மெழுகால் அடைத்துக்கொண்டுதான் இறங்குவாள். அண்ணனின் பலகை மட்டும்தான் அவளுக்கு.

வெளிநாட்டுப் போட்டி என்றால் அண்ணன் கடையில் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்ப்பான். அந்த நேரத்தில் ஐஸ் கட்டவில்லை என்று யாராவது வந்து நின்றால், "கொஞ்சம் வாய மூடுறீங்களா!" என்று எரிந்து விழுவான். ஏழு நாடுகளில் நீந்தினாள். ஒரு ஆறாம் இடம், ஒரு நான்காம் இடம். உலகப் போட்டி மட்டும் கைக்கு எட்டவே இல்லை. இப்போது வயது இருபத்தொன்பது, வலது தோள் தேய்ந்துவிட்டது. இந்தத் தகுதிப் போட்டியோடு நீச்சலுக்கு முழுக்கு, அடுத்த வாரம் ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பயமா இருக்கா தவளை?" என்று கேட்டான் அண்ணன்.

"நீ பலகைய ஒழுங்காப் பிடி. மத்தத நான் பாத்துக்கறேன்."

பக்கத்து லேனில் நீந்தும் பழைய போட்டிக்காரியும் இவளும் எப்போதும் ஒட்டி ஒட்டித்தான் வருவார்கள். இரண்டு பேருடைய பலகைகளும் ஒரே நேரத்தில்தான் மாறும். ஒரு நொடி சந்தேகம் வந்தாலும் பக்கத்துப் பலகையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வது அண்ணனின் பழக்கம். இத்தனை வருஷத்தில் அது கைவிட்டதே இல்லை.

அன்றைக்குத் தவளைக்கு என்ன ஆயிற்றோ, தனியாக வந்தாள். அண்ணன் மிச்சம் ஒன்று என்று பலகையைத் திருப்பி வைத்துவிட்டான். பழக்க தோஷம், பக்கத்தில் பார்த்தான். அங்கே மூன்று. மணி அடித்ததுகூட அவன் நினைவுக்கு வரவில்லை. ஐயோ, ஒரு எண்ணைக் கூடுதலாகத் திருப்பிவிட்டோமோ? அவசர அவசரமாக மூன்றுக்கு மாற்றித் தண்ணீருக்குள் நீட்டினான். தவளை பார்த்தாள், திரும்பினாள், அதே நிதானத்தோடு போனாள்.

அப்புறம்தான் பக்கத்து ஆள் சாவகாசமாகத் தன் பலகையை ஒன்றுக்குத் திருப்பினார். அவருடைய பெண் பாதிக் குளம் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் கத்தினான். மெழுகு அடைத்த காதில் எது விழும்? தவளை முடிவுச் சுவரைக் காலால் உதைத்துத் திரும்பி, கடைசி ஒன்றைப் பார்க்க அவனை நோக்கி வந்துகொண்டிருந்தாள். பலகையில் பூஜ்யம் கிடையாது. அண்ணன் அதைத் தூரப் போட்டுவிட்டு, குப்புறப் படுத்து, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு அவளைப் பிடித்தான்.

அவள் மெழுகைப் பிடுங்கினாள். "என்னண்ணா? ஒண்ணு எங்க?"

"முடிஞ்சு போச்சும்மா."

அவள் நேரப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். முதலாவதாக வந்தும், உலகப் போட்டிக்குக் குறித்திருந்த நேரம் முக்கால் நொடியில் போயிருந்தது.

"எண்ணிக்கைய விட்டுட்டியா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாவி மனுஷனுக்கு வாய் வரவில்லை.

"சரியாத்தான் எண்ணினேன். ஒண்ணுதான் வச்சிருந்தேன். பக்கத்துல மூணு இருந்துச்சு. நீ அவள அவ்வளவு தூரம் விட்டுட்டு வருவேன்னு எனக்குத் தோணவே இல்ல."

தவளைக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அதைப் பார்க்கத்தான் அண்ணனுக்கு நெஞ்சு வெடித்தது.

"எனக்குத் தோணுச்சுண்ணா" என்றாள். "கடைசி நீளத்துக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். அது அப்படியே இருக்கு."

வலது கை மேலே வராது என்பதால் இடது கையை நீட்டினாள். அண்ணன் அதைப் பிடித்து அவளைக் கரைக்கு இழுத்தான்.