இரண்டு கயிறும் சேரும் இடம்

மே 14, புதன்

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. கூழைக்கடாக்கள் பாறைப் பக்கம் விழுந்து மீன் பிடித்தன என்று எழுதியிருந்தேன். அவை ஆற்றுமுகப் பக்கம்தான் விழுந்தன. வகுப்புக்குப் போகும் அவசரத்தில் பேருந்து ஜன்னல் வழியே பார்த்ததால் பக்கம் மாறிவிட்டது. சின்ன விஷயம்தான். ஆனாலும் அவை விழும் இடத்தை வைத்துத்தான் அன்செல்ம் மாமா மறுநாள் வலை போடுவார், அதனால் திருத்தி எழுதுகிறேன்.

நான் போகும் மாலை வகுப்பில் ஆசிரியர் சொன்னபடி, நடந்ததை நடந்த வரிசையில் முதலில் எழுத வேண்டும், நினைத்ததைப் பிறகு. இன்று இரண்டையும் பிரிக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை. வகுப்புக்கும் போகவில்லை.

காலையில், வலை இழுக்க ஊரைக் கூப்பிடும் சங்கை ஊதினார்கள். அம்மா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். ஆர்லின் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஈஸ்டருக்கு முந்திய வாரம் கணவன் கெஸ்டரை விட்டு ஓடிவந்தது முதல் பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கிறாள். அன்று ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. நகரத்து நீதிமன்றத்தில் மனு கொடுத்து, கெஸ்டர் அவளை நெருங்கக் கூடாது என்று தற்காலிகமாக ஓர் உத்தரவு வாங்கினோம். நாளை விசாரணை. அக்கா போய் நின்று நடந்ததைச் சொன்னால் உத்தரவு நீடிக்கும். சொல்லாவிட்டால் அதோடு முடிந்தது.

"எந்திரிடி," என்றார் அம்மா. "இந்தப் பருவத்துல ஒரு தடவைகூட நீ கயிறு பிடிக்கல. இன்னிக்கும் போகலேன்னா உன் இடத்துல வேற ஆளு வந்து நின்னுரும்."

"அவன் வருவாம்மா."

"வரட்டும். கடலு என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? கையில கோர்ட்டு பேப்பரு இருக்குல்ல?"

"அந்தப் பேப்பரையும் கயித்துல கட்டி இழுக்கவா?"

பல நாளுக்குப் பிறகு அவள் குரலில் கேலி வந்தது. அந்த சந்தோஷத்தில் நானும், "வா, போகலாம்," என்று சொன்னேன். இதையும் எழுதிவைக்க வேண்டும்.

கரையில் ஊரே நின்றது. படகு வலையை அரைவட்டமாக விட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. ஒரு கயிறு ஆற்றுமுகத்தில், மற்றது பாறைப் பக்கத்தில். கெஸ்டர் சட்டையில்லாமல் ஆற்றுமுகக் கயிற்றின் தலைப்பில் நின்றான். எங்களைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்கி அம்மாவுக்கு வணக்கம் வைத்தான். அம்மாவும் தலையசைத்தார். பழக்கத்தில் அசைந்திருக்கும்.

வலை அன்செல்ம் மாமாவுடையது. அதனால் கரையில் அவர் வைத்ததுதான் சட்டம். "ஆர்லினு, நீ பாறைப் பக்கம் போ தாயி. அவன் ஆத்துப் பக்கம் நிக்கட்டும். நடுவுல மொத்தக் கரையும் கிடக்கு. மாஜிஸ்திரேட்டே வந்து அளந்தாலும் ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"அளக்க வந்தா அவரையும் கயித்தப் பிடிக்கச் சொல்லு," என்றாள் மீன் விற்கும் தோரா அத்தை. "அந்தத் தொப்பைக்கு நல்லது."

"அப்புறம் அவருக்கும் ஒரு பங்கு குடுக்கணும்," என்றான் நெவில். அவன் போலீஸ்காரன், விடுப்பு நாளில் கயிறு பிடிக்க வந்திருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் கொஞ்சம் சிரித்தாள்.

இங்கே வரிசையை விட்டு ஒன்றை எழுத வேண்டும். கரைவலையில் இரண்டு கயிறும் எட்ட நிற்பது தொடக்கத்தில் மட்டும்தான். இழுக்க இழுக்க, வலையின் வாயை மூடுவதற்காக இரண்டு வரிசையும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். மீன் சேரும் வலைப் பையான மடி கரைக்கு வரும்போது தோளோடு தோள் இடிக்கும். எங்கள் ஊரில் இது தெரியாதவர் இல்லை. ஆனால் அன்செல்ம் மாமா அப்படிச் சொன்னபோது யாரும் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே நினைவு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். உறுதியாக எழுத முடியவில்லை.

அக்கா முன்னால், நான் அவளுக்குப் பின்னால், எனக்குப் பின்னால் தோரா அத்தை. முதலில் நன்றாகத்தான் இருந்தது. அக்காவின் முதுகு வியர்த்தது. குதிகாலை மணலில் ஊன்றிச் சாய்ந்து இழுத்தாள். அவள் உடம்பு அவளிடமே திரும்பி வந்ததுபோல எனக்குத் தோன்றியது.

பிறகு அன்செல்ம் மாமா, "நகரு, நகரு," என்று கத்த ஆரம்பித்தார். வரிசை பக்கவாட்டில் நடந்தது. அக்காவின் காலடி தயங்கியது.

"ஷெர்மா, நீ முன்னால வந்துரு," என்றாள் திரும்பாமல்.

இடம் மாற வேண்டுமென்றால் கயிற்றை விட வேண்டும். நான் ஒரு கையை எடுத்ததுமே தோரா அத்தை கத்தினாள். "கயித்த விடாதீங்கடி. கனமா வருது. பேச்செல்லாம் வீட்ல போய் வச்சுக்கலாம்."

கையை மறுபடி வைத்துவிட்டேன்.

மடி தெரிந்தது. உள்ளே பாரை மீன் வெள்ளியாகத் துள்ளியது. இந்த நேரத்தில் பலசாலிகள் தங்கள் கயிற்றை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் இழுவை குறைகிறதோ அங்கே ஓடிவருவது வழக்கம். கெஸ்டர் எங்கள் கயிற்றுக்கு வந்தான். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. இடுப்பளவு தண்ணீரில் அக்காவுக்கு எதிரே நின்று, அவள் வலது கைமேல் தன் கையை வைத்துக் கயிற்றைப் பிடித்தான்.

"நாளைக்கு அந்த நீலச் சட்டையப் போட்டுட்டுப் போ, ஆர்லின்," என்றான். குரல் மென்மையாக இருந்தது. "கோர்ட்டுல எல்லாரும் உன்னத்தான பாப்பாங்க."

அவன் விரல் முட்டிகள் வெளுத்தன. அக்கா எதையோ விழுங்குவதுபோல ஒரு சத்தம் போட்டாள். கயிற்றை விடவில்லை. மடி கரைக்கு வரும் நேரத்தில் யாரும் விடமாட்டார்கள். எங்கள் கைகள் அப்படிப் பழகிவிட்டன. நானும் விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன்.

மடியைக் கரையில் போட்ட பிறகுதான் அவள் கையைப் பார்த்தார்கள். நடுவிரலும் மோதிர விரலும் இருக்கக்கூடாத திசையில் நின்றன.

"ஐயோ, கயிறு சுத்திருச்சா?" என்றாள் தோரா அத்தை.

"கயித்தக் கையில சுத்தாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது," என்றான் நெவில்.

"கெஸ்டர்தான்..." என்று ஆரம்பித்தேன்.

நெவில் என் பக்கம் திரும்பினான். "கெஸ்டருக்கு என்ன? அத்தன பேரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தோம். வந்து மடிய இழுத்துக் குடுத்தான்."

"அவ கை மேல கைய வச்சான்."

"கரைவலையில கை மேல கைய வைக்காம பூவா வைப்பாங்க?"

சிலர் சிரித்தார்கள். கெஸ்டர் அதற்குள் மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தான்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் கையைப் பார்த்துவிட்டு, "கயிறா?" என்று கேட்டாள். "ஆமா, கயிறு," என்றாள் அக்கா. நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள். விரல்களுக்குப் பலகை வைத்துக் கட்டியபடி, மீன் பருவம் வந்தாலே இப்படி நிறையப் பேர் வருகிறார்கள் என்றாள். எல்லாரும் பெண்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வீட்டில் அம்மா அக்காவின் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். பிறகு தன் இடது கையை மேசைமேல் அதன் பக்கத்தில் வைத்தார். அம்மாவின் அந்தக் கையில் இரண்டு விரல் மடங்காது. கரைவலைக் கயிறு முறித்தது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

"உங்கப்பன் என் பின்னால நின்னான்," என்றார். "நான் அவன விட்டுட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம். எங்கம்மாதான் கயிறுன்னு சொல்லிரு, சீக்கிரம் ஆறிரும்னாங்க."

அப்பா பக்கத்துத் தீவான ட்ரினிடாடுக்குப் போய் அங்கேயே செத்துப்போனவர். அவர் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை.

"அப்போ தெரிஞ்சுதான் இவள எழுப்பி அனுப்பினீங்களாம்மா?"

"வீட்லயே இருந்தா வீட்டுக்கு வருவான். அங்கயாவது நாலு பேரு இருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றார் அம்மா.



மத்தியானம் நெவில் ஒரு கூடையோடு வந்தான். "கெஸ்டரு குடுத்துவிட்டான். விரலு அடிபட்டுருச்சுல்ல, என் பங்கும் அங்கயே இருக்கட்டும்னான். ஆயிரம் இருந்தாலும் மனசு இருக்கு அவனுக்கு." அம்மா வாங்கிக்கொண்டார். எலுமிச்சை பிழிந்து கழுவி வறுத்தார். அக்காவுக்கு முள் எடுத்து ஊட்டினார். நான் இரண்டு மீன் சாப்பிட்டேன். பசித்தது.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா சொன்னாள்: "நாளைக்குப் போய் மனுவத் திருப்பி வாங்கிரப் போறேன்."

"நான் சாட்சி சொல்றேன்க்கா. பக்கத்துலதான நின்னேன்."

"என்ன சொல்லுவ?"

"பாத்தத சொல்லுவேன்."

"அப்போ நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேப்பாங்க."

யோசித்தேன். "இழுத்துட்டிருந்தேன்," என்றேன்.

"எல்லாரும்தான்டி இழுத்தாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "உத்தரவு வாங்கி என்ன பண்றது? இந்த டொபேகோத் தீவுல எங்க போனாலும், அவனோட சேந்து கயிறு பிடிச்சவன் ஒருத்தன் இருப்பான். இன்னிக்கு ரெண்டு விரலு. கோர்ட்டுல பேசினா வேற ஏதாவது."

"திரும்ப அவன் வீட்டுக்கே போயிருவியா?"

அக்கா போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அம்மா போர்வையை அவள் காலுக்குமேல் இழுத்துவிட்டார்.

இனி நான் நினைத்தது. கயிறு முறித்தால் தோல் உரிந்து சிவக்கும். அக்காவின் விரல்களில் தோல் உரியவில்லை. கயிறு விரலை உள்ளங்கைப் பக்கம் இறுக்கும்; அவளுடையவை பின்பக்கம் வளைந்திருந்தன. நர்ஸுக்கு இது தெரிந்திருக்கும். நெவிலுக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கைமேல் கை இருந்தது, முட்டிகள் வெளுத்தன. விரல் முறிந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். பிறகு மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன். என் கண்ணையே என்னால் நம்ப முடியாவிட்டால் நீதிமன்றத்தில் யார் நம்புவார்கள்?

இன்னொன்றும் எழுதுகிறேன். போன மாதம் முதல் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ரூவெல் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நல்ல பையன். அவன் பேசும்போது நான் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன். எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்தேன். எப்போதுமே இப்படித்தான் இருந்திருக்கிறேன்.

நாளை: முதல் பேருந்தில் அக்காவுடன் நகரத்துக்குப் போக வேண்டும். வலது கையில் கட்டு இருப்பதால் அவளால் பேனா பிடிக்க முடியாது. மனுவைத் திரும்பப் பெறும் தாளில் இடது பெருவிரல் ரேகை வைப்பாள். அதன் பக்கத்தில் சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும். என் அடையாள அட்டையை எடுத்துவைக்க வேண்டும்.