பக்கத்து வீட்டுக் கையெழுத்து

"உங்களப் பத்தி ஒரு பெட்டிசன் வந்திருக்கு" என்று பாடசாலை நேர்முகத்தில் மிஹ்லார் சேர் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. கோப்பைப் புரட்டியபடியே சொன்னார். பக்கத்தில் இருந்த டீச்சர்தான் என்னைப் பார்த்தார், முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்பதுபோல.

"என்னண்டு சேர்?"

"நீங்க இங்க குடியிருக்கல்லயாம். மன்னார்ல வீடு கட்டி அங்க போயிட்டீங்களாம்."

"பொய் சேர். நான் இங்க முன்பள்ளியில படிப்பிக்கிறேன். புள்ள அஞ்சு வருசமா இங்கதான் படிச்ச."

"அப்ப கரண்ட் பில், வாக்காளர் இடாப்புப் பிரதி, எல்லாத்தையும் கொண்டு வாங்க. வீடு பார்க்கவும் வருவோம். எப்ப எண்டு சொல்ல மாட்டோம்."

வெளியே வாங்கில் என் மகள் அக்கீலா இருந்தாள். வெள்ளைச் சீருடை, இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல். அவளிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டவுனில் இருக்கும் அந்தப் பெண்கள் கல்லூரியின் ஆறாம் வகுப்புக்கு வெட்டுப்புள்ளி நூற்றைம்பத்திரண்டு. புலமைப்பரிசில் பரீட்சையில் என் மகள் எடுத்தது நூற்று நாற்பத்தெட்டு. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளில் சிலர் கொழும்புக்கும் கண்டிக்கும் போய்விடுவார்கள். மிஞ்சுகிற சில இடங்களுக்குத்தான் இந்த நேர்முகம். இதில் பரீட்சிக்கப்படுவது பிள்ளையல்ல, வீடு. எங்கே இருக்கிறீர்கள், எத்தனை வருடமாக, எந்த இடாப்பில் பெயர், பாடசாலை எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி.

தில்லையடிக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் ஒரே விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். யார்?

மன்னாரில் எங்களுக்கு வீடு இருப்பது உண்மை. தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது, உம்மா என்னைத் தூக்கிக்கொண்டு புத்தளத்துக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயது. யுத்தம் முடிந்து, திரும்பிப் போகிறவர்களுக்கு வீட்டுத்திட்டம் வந்தபோது, ஊரில் பெயர் பதிந்தவர்களுக்குத்தான் வீடு என்றார்கள். என் கணவர் அஸ்மி தன் பெயரை அங்கே மாற்றினார். என் பெயர் இங்கேயே இருந்தது. எங்கள் லேனில் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள். வாப்பா அங்கே, உம்மா இங்கே. ஊரை விட்டால் ஊர் போய்விடும், இங்கே விட்டால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போய்விடும். எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. அஸ்மி அங்கே மேசன் வேலை செய்துகொண்டு அந்த வீட்டில் படுத்தெழும்புகிறார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார்.

ஆகவே வெளியாளால் இப்படி எழுதியிருக்க முடியாது. எங்களில் ஒருவர்தான்.

ரபியா ராத்தாவின் பெயர் மனதில் எப்போது வந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்க முன்னரே வந்துவிட்டது. பக்கத்து வீடு. அவர் மகள் நிஃப்லாவும் அதே கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். நூற்று நாற்பத்தொன்பது, என் மகளைவிட ஒன்று கூட. அந்த ஒரு புள்ளி முடிவு வந்த நாளிலிருந்தே எனக்குள் முள்ளாகக் கிடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாடசாலை வேன் ஓட்டும் சரீப் வேறு ஒரு கதையைக் கொண்டு வந்தான்.

"நம்மட ஏரியாவுக்கு ஒரு இடந்தானாம் டீச்சர். அகதிப் புள்ளைகளுக்கு ஒண்டுக்கு மேல குடுக்க மாட்டாங்களாம்."

"ஆரு சொன்ன?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

அன்றிலிருந்து நான் கொடியில் அஸ்மியின் சாரங்களைக் காயப்போடத் தொடங்கினேன். காலையில் நனைத்துப் பிழிந்து போடுவேன், பின்னேரம் எடுப்பேன், மறுநாள் வேறு இரண்டு. ஓர் ஆண் இந்த வீட்டில் இருக்கிறான் என்று கொடி சொல்லட்டும்.

நான்காம் நாள் ரபியா ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"சுல்பா, அஸ்மி வந்திருக்காரா?"

"ஓம் ராத்தா."

"நாலு நாளா சாரம் மட்டுந்தான் தெரியிது, ஆளக் காணல்லயே. எங்கட மனுசன் வந்து படுத்தா கொறட்டையில லேனே எழும்பும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றேன். நாலு நாள் என்று எப்படித் தெரியும்? எண்ணுகிறாரா?

சந்தேகம் வந்த பிறகு பழையதெல்லாம் வேறு மாதிரித் தெரியும். எனக்கு டெங்கு வந்தபோது பத்து நாள் அக்கீலாவைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் அவர். இப்போது எனக்குத் தோன்றியது: அந்தப் பத்து நாளில் பிள்ளையிடம் என்னவெல்லாம் கேட்டிருப்பார்? நிஃப்லாவும் அக்கீலாவும் ஒரே பாயிலிருந்து கடந்தகால வினாத்தாள்கள் செய்தார்களே, என் பிள்ளை எவ்வளவு எடுக்கும் என்று பார்க்கத்தானா? வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். நான் சாப்பிடவில்லை. அக்கீலா சாப்பிட்டாள்.

அவர் எனக்கு எந்தத் தீங்கும் செய்ததில்லை. அதுவே எனக்குப் போதிய சாட்சியாகப் பட்டது. தீங்கு செய்யாதவரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள், அதனால்தான் துணிந்து எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்த மனது என்னுடையதுதான். வேறு யாருக்கும் அதைக் கொடுத்துவிட முடியாது.

மூன்றாம் கிழமை, பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மிஹ்லார் சேரும் அந்த டீச்சரும் வந்தார்கள். கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை. அலுமாரியைத் திறக்கச் சொன்னார்கள். குசினிக்குள் போய் அரிசி வாளியின் மூடியைத் திறந்து பார்த்தார் டீச்சர். எவ்வளவு அரிசி இருந்தால் ஒரு குடும்பம் குடியிருக்கிறது என்று கணக்கு? எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"மகள், வாப்பா எங்க படுப்பாரு?" என்று அக்கீலாவிடம் கேட்டார் மிஹ்லார் சேர். அவளிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வந்தா அந்தக் கட்டில்ல."

வந்தால். சேர் தாளில் எதையோ எழுதினார். பிறகு மெதுவாக, வீட்டு மனிதர் கதைப்பதுபோலக் கேட்டார்.

"இந்தப் பெட்டிசன் ஆரு போட்டிருப்பாங்க எண்டு நெனைக்கிறீங்க?"

நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வாய்வரை வந்ததும் உண்மை.

"ஆரெண்டு தெரியா சேர். ஆனா எங்களச் சொல்றவங்களுக்கும் அங்க வீடு இரிக்கி. பக்கத்து வீட்டுல கேட்டுப் பாருங்க."

"பக்கத்து வீடெண்டா, நிஃப்லாட வீடா?"

"ஓம்."

அவர் எழுதினார். பேனை நகர்ந்த அந்தச் சில வினாடிகளில் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்ததுபோல, அல்லது இறக்கி இன்னொருவர் தலையில் வைத்ததுபோல. அவர்கள் எங்கள் படலையைத் தாண்டி அடுத்த படலைக்குப் போனார்கள்.

"உம்மா, ஏன் நிஃப்லாட வீட்டச் சொன்னீங்க?" என்றாள் அக்கீலா.

"கேட்டாங்க, சொன்னேன். நீ போய்ப் படி."

"பரீட்சதான் முடிஞ்சே."

பத்து நாளில் பட்டியல் ஒட்டினார்கள். அக்கீலாவின் பெயர் ஏழாவதாக இருந்தது. நிஃப்லாவின் பெயரைத் தேடி இரண்டு தரம் மேலிருந்து கீழே பார்த்தேன். இல்லை. சரீப் சொன்ன ஒரு இடக் கதையும் பொய். எங்கள் பகுதியிலிருந்து மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

அன்று பின்னேரம் ரபியா ராத்தா வந்தார். கையில் ஒரு தாள்.

"அல்ஹம்துலில்லாஹ், அக்கீலாக்குக் கெடச்சிட்டுதாம்" என்று அவள் தலையைத் தடவிவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு என் எதிரே இருந்தார். "நான் அப்பீல் ஒண்டு போடோணும். நீதான் எழுதித் தரோணும். லேனுக்கே எழுதிக் குடுக்கிற ஆள்."

"என்ன காரணம் சொன்னாங்க ராத்தா?"

"மன்னார்ல வீடிருக்காம், வதிவு உறுதியில்லயாம். வந்த அண்டைக்கு நேராக் கேட்டாங்க, வீடு இரிக்கா எண்டு. ஓமெண்டேன். இருக்கிறத இல்லையெண்டு என்னண்டு சொல்ற?"

"முதல் நேர்முகத்துல ஒண்டும் கேக்கல்லயா?"

"கேட்டாங்க. பெட்டிசன் வந்திருக்கெண்டாங்க. கடக்கார நஸீம்ட பொண்டாட்டிக்கும் அப்பிடித்தான் சொன்னாங்களாம். மன்னார் ஆக்களெண்டா எல்லாருக்கும் சொல்றதாம் புள்ள. பெட்டிசனுமில்ல, கிட்டிசனுமில்ல. சொல்லிப் பார்த்தா நாமளே ஒருத்தர ஒருத்தர் காட்டிக் குடுப்பமாம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்கட லேன்ல அப்பிடி எழுதிற ஆக்கள் இல்லையெண்டேன்."

நான் பேனையை எடுத்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அதிபர் அவர்களுக்கு என்று தொடங்கி, கணவர் நூஹு பதினெட்டு வருடமாகப் புத்தளம் உப்பளத்தில் வேலை செய்வது, பிள்ளை இங்கே பிறந்தது, வைத்தியசாலைக் கொப்பி, கரண்ட் பில் என்று எல்லாவற்றையும் எழுதினேன். நான் எழுதிய கடிதங்களில் இதுதான் திறமானது. ஒரு பொய்கூட எழுதத் தேவைப்படவில்லை. என் மகளுக்கு எழுதியிருந்தால் இரண்டு மூன்று தேவைப்பட்டிருக்கும்.

கடிதத்தோடு பாடசாலை கொடுத்த படிவம் ஒன்றும் இருந்தது. அடியில், உறுதிப்படுத்தும் அயலவர்: பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம்.

"அதுல நீ போடு" என்றார்.

"நான் வேணாம் ராத்தா. எங்களுக்கும் இப்பதான் கெடச்சது. கடக்கார நஸீமிட்டக் கேளுங்க. ஆளத் தெரியும் எல்லாருக்கும்."

"நஸீம்ட கையெழுத்து இதுக்குச் செல்லாது."

"ஏன்?"

ரபியா ராத்தா தாளை மேசைமேல் தடவிச் சமப்படுத்தினார்.

"காரணம் கேக்கப் போன நேரம் சேர் பைலக் காட்டினாரு. அயலவர் கூற்று எண்டு ஒரு இடம் இரிக்கி. கீழ வீட்டு நம்பர். நாப்பத்தொண்டு பி."

நாற்பத்தொன்று பி எங்கள் வீடு.

"சொன்ன ஆள்தான் மாத்திச் சொல்லோணும் சுல்பா. வேற ஆர் போட்டும் வேலையில்ல."

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். இவ்வளவு நேரம் கடிதத்தை எழுத விட்டுவிட்டுக் கடைசியில் இதைச் சொல்கிறாரே, இது பொறி என்று அப்போதும் என் மனம் சொன்னது. அந்தப் பழக்கம் ஒரு நிமிடத்தில் போய்விடுவதில்லை. அவர் கண்ணில் பொறியைத் தேடினேன். களைப்பைத்தான் கண்டேன். ஒரு தாய் பிள்ளைக்காக எந்தப் படலையையும் தட்டுவாள், தன்னைக் காட்டிக்கொடுத்தவளின் படலையையும்.

கையொப்பம் போட்டால் இந்தப் படிவம் அதே கோப்புக்குத்தான் போகும். அன்று ஒன்று சொன்னவள் இன்று வேறு சொல்கிறாள் என்று மிஹ்லார் சேர் பார்ப்பார். அப்படியென்றால் இவளுடைய வீடு எப்படி என்று திரும்பவும் எங்கள் படலைக்கு வருவார். வந்தா அந்தக் கட்டில்ல என்ற பதிலும் எங்கோ எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. அக்கீலா அறைக்குள் புதுச் சப்பாத்தைப் போட்டு நடந்து பார்க்கும் சத்தம் கேட்டது.

"அக்கீலாட இடத்துக்கு ஏதும் வருமா ராத்தா?" என்றேன். குழந்தைபோலக் கேட்டேன்.

"வரலாம்" என்றார். "வராமலும் இருக்கலாம். நான் பொய் சொல்ல மாட்டேன்."

பெயரை எழுதினேன். இலக்கத்தை எழுதினேன். கையொப்பத்துக்கு முன் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது. வெறும் கையொப்பம் போட்டால், அன்று நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்த இடத்தில் எழுதினேன்: 'இவர்களுக்கு மன்னாரில் இருப்பது போன்ற வீடு எங்களுக்கும் அங்கே இருக்கிறது. இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும் இங்கேதான் வளர்ந்தார்கள். அன்று நான் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொன்னேன்.'

நல்லவள் என்று பெயர் எடுக்கத்தான் எழுதுகிறேனோ என்று அப்போதும் ஒரு எண்ணம் வந்தது. வந்தால் வரட்டும் என்று கையொப்பத்தைப் போட்டேன்.

ரபியா ராத்தா தாளை எடுத்து, விரலை வைத்து, அந்த வரிகளை மெதுவாக வாசித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். மன்னித்துவிட்டார் என்று சொல்லக்கூடிய பார்வை அல்ல அது.

"நாளைக்குக் காலம எட்டு மணிக்குக் கொண்டு போறேன்" என்றார். "வாறதெண்டா நீயும் வா. ஏதும் கேட்டா, நீதான் சொல்லோணும்."

"வாறேன்" என்றேன்.

அவர் படலையைச் சாத்திக்கொண்டு போனார். நான் அறைக்குள் போய், சப்பாத்தோடு கட்டிலில் இருந்த அக்கீலாவிடம், நாளைக்கு நான் எங்கே போகிறேன், ஏன் போகிறேன் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.