நாலாம் மேசையின் எடை

பட்டியலை வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். ஆறு பெயர்கள். முதல் பெயர் ரோவெனா.

என் பெயர் இல்லை. மேலிருந்து படித்தேன். பிறகு கீழிருந்து படித்தேன். பின்னால் வரிசை நின்றது. யாரோ தோளைத் தொட்டு, "அக்கா, கார்டைத் தேய்ச்சுட்டு நகருங்க," என்றாள்.

அந்த ஆறு பேருக்கு ஆலை ஆண்டு முழுவதற்குமான வேலைக் கடிதம் கொடுக்கும். கடிதம் இருந்தால் அட்லாண்டிக் குடியேற்றத் திட்டத்தில் மாகாணத்தின் ஒப்புதல் கேட்கலாம். ஒப்புதல் வந்தால் நிரந்தரமாக வசிக்க மனுப் போடலாம். மற்றவர்களுக்குச் சிங்கி இறால் பருவம் முடிந்தால் வேலை முடிந்தது. அனுமதி முடிந்தால் விமானம்.

இந்தக் கரையில் எனக்கு அது ஐந்தாவது பருவம். என் மகள் ஹனிலின் எங்கள் ஊரான இலோயிலோவில் இருக்கிறாள். டிசம்பர் பதினொன்றில் அவளுக்கு இருபத்திரண்டு வயது முடியும். பத்தாம் தேதிக்குள் என் மனு போய்ச் சேர்ந்தால் அவள் என் பிள்ளை, என்னோடு வரலாம். பதினொன்றாம் தேதி போய்ச் சேர்ந்தால் அவள் யாரோ.

பட்டியல் ஒட்டிய அன்று செப்டம்பர் மூன்று. மாகாணத்தின் ஒப்புதலுக்கு இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அந்த மாதத்திலேயே கடிதம் வேண்டும். அடுத்த ஆண்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நாங்கள் நாலாம் மேசை. எட்டுப் பெண்கள். வெந்த இறாலின் கொடுக்கை உடைத்துச் சதையைத் தட்டில் சேர்க்க வேண்டும். தட்டு நிறைந்தால் நாலு கிலோ. கூடத்தின் கோடியில் தராசு இருக்கிறது. தட்டை வைத்து நம் எண்ணை அழுத்தினால் எடை கணினிக்குப் போய்விடும். சம்பளம் மணிக்குத்தான், எடைக்கு இல்லை. ஆனால் நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்குக் கீழே போனவர்களின் எண்ணை மறுநாள் சுவரில் ஒட்டுவார்கள். மூன்று முறை ஒட்டினால் அடுத்த பருவத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

நாலாம் மேசையிலிருந்து யார் எண்ணும் சுவருக்குப் போனதில்லை. தன் முப்பது நிறைந்தவள் அடுத்த தட்டைக் குறைவாக இருப்பவளின் எண்ணில் போடுவாள். இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. சோறு மீந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டும் பழக்கம் எங்களிடம் இல்லை. அதுபோலத்தான். நான் நாற்பத்தைந்து கிலோ உடைப்பேன். கணினியில் எனக்கு முப்பத்து மூன்று.

ஜூலையில் ரோவெனாவின் வலது மணிக்கட்டு வீங்கியது. கட்டு போட்டுக்கொண்டு இடது கையால் உடைத்தாள். பதினாலு கிலோ தேறினால் பெரிது. அன்றிலிருந்து தினமும் ஒரு தட்டை நான் அவள் எண்ணில் போட்டேன்.

உடை மாற்றும் அறையில் மிண்டா முடி வலையைக் கழற்றி எறிந்தாள். அவளுக்கு வாய் நிற்காது.

"ஒத்தைக் கைக்காரி முதல் இடம். ரெண்டு கையும் நல்லா இருந்தா இந்நேரம் மேயர் ஆகியிருப்பா."

ரோவெனா பெஞ்சில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் அது வரவில்லை.

"நான் கேட்டேனா? எனக்குப் போடுங்கன்னு யார் கால்லயாவது விழுந்தேனா?"

"விழலை. முப்பதுக்கு மேல போச்சுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். சுவத்துல நம்பர் வரலை, அவ்வளவுதான் தெரியும். நாளுக்கு நாப்பத்திரண்டு கிலோன்னு கனவா கண்டேன்?"

"யாருடி அப்படி வாரி இறைச்சது?" என்றாள் மிண்டா. "நான் ஒரே ஒரு தட்டுதான் போட்டேன். சாப்பாட்டு மணிக்கு அப்புறம்."

"நானும் ஒண்ணுதான்," என்றாள் ஜன்னலோரம் நின்றவள்.

"நான் காலையில ஒண்ணு."

"அய்யோ, நானும் காலையிலதான்."

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். நான் கடைசியாகச் சொன்னேன். ஏழு பேர். ஏழு தட்டு. தான் மட்டும்தான் போடுகிறோம் என்று ஏழு பேரும் நினைத்திருந்தோம்.

மிண்டா சிரித்தாள். இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோவெனாவின் முன்னால் குனிந்து பூட்ஸைப் பிடுங்கி எடுத்தேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான்.

"அக்கா, வலிக்குது."

"காலு கூடவா வலிக்குது?"

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனேன். ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் கிலேன் அந்த ஊர்க்காரி. நல்லவள் என்று பெயர். கிறிஸ்துமஸுக்குக் கையுறை பின்னித் தருவாள்.

"உக்காருங்க பெர்லிட்டா. வருத்தமா இருக்கும். எனக்குப் புரியுது."

"எப்படித் தேர்ந்தெடுத்தீங்க மேடம்?"

"எடைதான். யாருக்கும் சலுகை இல்லை. நூத்துப் பத்துப் பேரையும் வரிசையாப் போட்டோம், மேல இருந்து ஆறு."

"நான் எத்தனாவது?"

திரையைப் பார்த்தாள். "இருபத்தி மூணு."

"போஸ்டன்லேர்ந்து வாங்குறவங்க வந்தா யாரை முன்னால நிறுத்துவீங்க?"

அவள் மறுபடி திரைக்குத் திரும்பினாள்.

"என்னைத்தான் நிறுத்துவீங்க. மூணு வருஷமா. போன தடவை என் கையை வீடியோ எடுத்தாங்க. இருபத்தி மூணாவது கையையா எடுத்தாங்க?"

"அது வேற. இதுக்கு ஒரு அளவுகோல் வேணும்."

"ரோவெனா கையில பட்டை கட்டியிருக்கா. அவ எப்படி நாப்பத்திரண்டு கிலோ உடைப்பா?"

கிலேன் கதவைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

"நாலாம் மேசையில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? ரெஜான் ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிட்டான். வேலை நடக்குது, விட்டுடுன்னு நான்தான் சொன்னேன்."

ரெஜான் எங்கள் மேற்பார்வையாளன்.

"அப்ப அந்த எண் பொய்னு தெரிஞ்சுதான் ஒட்டினீங்க?"

"பெர்லிட்டா, ஆறு வேலைதான் இருக்கு. எதை வெச்சுப் பிரிச்சாலும் நூத்திநாலு பேர் அழுவாங்க. எண்ணுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அவள் தவறு செய்துவிட்டாள் என்று நம்பித்தான் படியேறியிருந்தேன். தவறென்றால் திருத்திவிடலாம்.

கதவைத் தட்டாமல் ரோவெனா உள்ளே வந்தாள். ஏப்ரனோடு வந்திருந்தாள். கடித உறையை மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு வேணாம் மேடம். அக்காவுக்குக் குடுங்க. என் பசங்களுக்கு ஆறும் எட்டும்தான். அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

"அப்படிக் குடுக்க முடியாதும்மா. நீ விலகினா ஏழாவது ஆளுக்குப் போகும்."

"ஏழாவது யாரு?"

"ரோடெல். குளிர்க் கிடங்குக்காரன். மார்ச்ல உடைக்கிற வேலைக்கு மாத்தினோம்."

ரோவெனா என்னைப் பார்த்தாள். தட்டை யார் எண்ணில் வேண்டுமானாலும் போடலாம். இதைப் போட முடியாது.

"எடுத்துக்க," என்றேன். "ரோடெலுக்கு நீ என்ன அத்தை முறையா?"

அவள் உறையை எடுக்கவில்லை. நான்தான் எடுத்து அவள் ஏப்ரன் பையில் செருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மிண்டா காய்ந்த மீன் பொரித்தாள். ஆலை தந்த வீடு அது. எட்டுப் பேருக்கு ஒரு சமையலறை. ஜன்னலைச் சாத்தி வைத்தோம், எதிர்வீட்டுக்காரர் புகார் சொல்வார் என்று. நான் ஹனிலினுக்கு இன்னும் சொல்லவில்லை. குளிருக்கு எந்த ஜாக்கெட் வாங்கலாம் என்று அவள் மூன்று படங்கள் அனுப்பியிருந்தாள்.

"அந்தப் பட்டையை யாரு வாங்கிக் குடுத்தாங்க?" என்று ரோவெனாவைக் கேட்டேன்.

"கிலேன் மேடம்தான். மருத்துவமனை வேணாம், விபத்துன்னு எழுதினா நிறைய படிவம், இதைப் போட்டுக்கன்னு சொன்னாங்க."

"தேதி ஞாபகம் இருக்கா?"

"ஜூலை ஒன்பது. சின்னவன் பொறந்தநாள்."

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"எல்லாத்தையும் எழுதிக் குடு அக்கா," என்றாள் ரோவெனா.

"எழுதினா உன் கடிதம் போயிடும்."

"தெரியும்."

"எங்க வேலையும் போயிடும், அதையும் சொல்லு," என்றாள் மிண்டா. "எடையை மாத்திப் போட்டதுக்கு எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பலாம்." மீனின் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். "உன் பொண்ணு ஹனிலின் இங்க வந்தா எனக்குத் தினம் சமைச்சுப் போடணும். இப்பவே சொல்லிடறேன்."

அரைப் பக்கம் எழுதினேன். இந்தப் பருவம் முழுவதும் நாலாம் மேசையின் எடைகள் உண்மையல்ல. நாங்கள் ஒருவருக்கொருவர் தட்டு போட்டோம். அலுவலகத்துக்கு இது தெரியும். ஜூலை ஒன்பதாம் தேதி ரோவெனாவுக்கு வேலையால் மணிக்கட்டு வீங்கியது. மருத்துவமனைக்கு அனுப்பவில்லை, பட்டை வாங்கித் தந்தார்கள். எங்களை மறுபடி எடை போடுங்கள். எட்டுக் கையெழுத்து. ரோவெனா இடது கையால் போட்டாள்.

திங்கட்கிழமை கிலேன் அதை இரண்டு முறை படித்தாள்.

"என்ன கையெழுத்து போட்டிருக்கீங்கன்னு தெரியுதா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியும் மேடம். இதுக்கு நகல் இருக்கு. தொழிலாளர் காயத்தைப் பாக்கிற அரசு அலுவலகத்துக்குத் தபால் உறையும் வாங்கி வெச்சிருக்கோம். ஸ்டாம்ப் ஒட்டியாச்சு."

"நான் உங்களுக்கெல்லாம் கையுறை பின்னிக் குடுத்தேன்," என்றாள். நிஜமாகவே அவள் கண் கலங்கியது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மத்தியானத்துக்குள் பட்டியலைக் கிழித்துவிட்டார்கள். மூன்று நாள் மறு எடை, எல்லா மேசைக்கும். தராசுக்குப் பக்கத்தில் ரெஜான் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்து, எண்ணையும் பார்த்தான்.

முதல் நாள் தலை நிமிராமல் உடைத்தோம். மேசையில் ஓடு உடையும் சத்தம் மட்டும். நான் நாற்பத்தெட்டு. இரண்டாம் நாள் ஐம்பத்தொன்று. ரோவெனா பன்னிரண்டு, பதினொன்று. கேட்க வேண்டியதில்லை, தட்டைப் பார்த்தாலே தெரியும்.

மூன்றாம் நாள் மாலை என் கடைசித் தட்டோடு தராசுக்குப் போனேன். எனக்கு முன்னால் ரோவெனா நின்றிருந்தாள். அவள் தட்டில் அடி கூட மறையவில்லை. எடை போட்டுவிட்டு அவள் நகரவில்லை. ரெஜான் என்னைப் பார்த்தான். அவன் எண்பலகையின் மேலிருந்த கையை எடுத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை போலும்.

ஒரு தட்டு. நாலு கிலோ. அதனால் அவளுக்கு எதுவும் ஆகியிருக்காது. பதினைந்து என்று வந்திருக்கும், அவ்வளவுதான். என் விரல் அவள் எண்ணுக்குத்தான் போனது. பழக்கம்.

"என்ன நிக்கற?" என்றாள் ரோவெனா. "உன் நம்பரே மறந்துபோச்சா? அறுபத்தி ரெண்டு. போடு."

அறுபத்திரண்டை அழுத்தினேன். தராசு ஒரு முறை கூவியது.

புதிய பட்டியலில் நான் இரண்டாவது. செப்டம்பர் இருபத்தாறாம் தேதி கடிதம் கைக்கு வந்தது. நவம்பர் இருபத்தெட்டாம் தேதி மனு போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது. ஹனிலினுக்கு இன்னும் இருபத்தொன்று. போனில் அவள் அழுதாள். நான் நீல ஜாக்கெட்டை வாங்கச் சொன்னேன்.

அக்டோபரில் பருவம் முடிந்து ரோவெனா ஊருக்குப் போனாள். அதற்கு முன் அவள் கையைக் காட்ட மருத்துவரிடம் அனுப்பினார்கள், காகிதமெல்லாம் ஒழுங்காக எழுதினார்கள். மார்ச்சில் ஆலை கூப்பிட்டவர்களின் பட்டியலில் நாலாம் மேசையில் ரோவெனாவின் எண் மட்டும் இல்லை. கிலேனிடம் கேட்டேன். கை குணமானதற்குச் சான்று இல்லை என்றாள். எழுதிக் கொடுங்கள் என்றேன். அப்படியெல்லாம் எழுதித் தரும் வழக்கம் இல்லை என்றாள்.

ஆறு பேரில் ஒருவர் ஜனவரியிலேயே விலகி ஊருக்குப் போய்விட்டார். பொட்டலம் கட்டும் இடத்தில் அந்த வேலை காலியாக இருக்கிறது. ஒரு கையால் செய்கிற வேலைதான், லேபிள் ஒட்டுவது. இடது கையாலும் ஒட்டலாம். இந்த ஆண்டுப் பட்டியல் முடிந்துவிட்டதாம். அடுத்தது செப்டம்பரில்.

தினமும் அந்தக் காலி நாற்காலியைத் தாண்டித்தான் தராசுக்குப் போகிறேன். அரசு அலுவலகத்துக்கான தபால் உறை, நகலோடு, என் அலமாரியிலேயே இருந்தது, ஸ்டாம்ப் ஒட்டியபடி. போன வெள்ளிக்கிழமை ரோவெனாவுக்கு போன் செய்து, அதைப் போடட்டுமா என்று கேட்டேன். "போட்டுடு அக்கா," என்றாள். "ஸ்டாம்ப் வீணாப் போகும்."

தபால் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.