சாட்சி 41 சொன்ன நேரம்

1

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை 10.20. பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில், சர்வதேசக் குற்றவியல் சட்டம் படிக்கும் முதுநிலை மாணவி ஒருத்தி ஒரு போர்க்குற்றத் தீர்ப்பின் 614ஆம் பத்தியைப் படித்தாள்.

கதை எனக்குக் கிடைத்தது அவளிடமிருந்துதான். யாரையும் அடையாளம் தெரியாதபடி எழுதச் சொன்னாள்.

பத்தி சொல்வது இது: ஒளிந்திருந்து எவ்வளவு நேரம் துப்பாக்கிச் சத்தம் கேட்டார் என்பதில் சாட்சி 41 முரண்படுகிறார். முதல் நாள் இரண்டு மணி நேரம், மறுநாள் ஐந்து. எனவே சாட்சியம் ஏற்கப்படவில்லை. சாட்சியின் ஊரில் நடந்த கொலைகளில் குற்றம் சாட்டப்பட்ட தளபதிக்கு விடுதலை.

விசாரணைப் பதிவைப் புரட்டினாள். நாளுக்கு ஒருவராக இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள். இருவருமே ஓரத்தில் சாட்சியின் சொற்களைக் குறித்திருந்தார்கள்: 'ரெண்டு சட்டை தைக்கிற நேரம்.' மணிக்கணக்கு அவர்கள் போட்டது.

அவளுக்குக் கை சில்லிட்டது. [வேண்டாம். எல்லாக் கதையிலும் சில்லிடுகிறது.] எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். நேரத்தைச் சட்டையால் அளக்கிற ஒரே ஆளை அவளுக்குத் தெரியும். அவளை வளர்த்த சித்தி, பள்ளிச் சீருடை தைப்பவர். "அரைச் சட்டை நேரத்துல வந்துடறேன்" என்பார். பல வருடத்துக்கு முன் 'கல்யாண வேலை' என்று பத்து நாள் வெளியூர் போய்வந்தார். யார் கல்யாணம் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

2

முதல் பிரதியில் சித்தி அழுதார். "நான்தான்டி அந்த" என்பதோடு அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"சித்தி, ஒரு சட்டை தைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மிஷின்லயா, கையிலயா?"

(நீதிமன்றத்தில் ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை.)

"ஏன், வக்கீலம்மாவுக்கு அங்க வேலை கிடைக்காதாமா? பட்டனுக்குக் காஜா எடுக்க ஆள் வேணும், வா."

"படிப்புக்கு சித்தி."

கத்தரி நின்றது. "எத்தனை சட்டை?"

"ரெண்டு."

சித்தி துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"மிஷினைத்தான் மொதல்ல தூக்கிட்டுப் போனாங்க. அப்புறம் எல்லாம் கையில. அஞ்சு மணி நேரம். எழுதிக்க."

"சரி."

"யாரு சொன்னான்னு எழுதாத."

[சித்தி தையல்காரர் இல்லை. அவர் நேரத்தை அளந்தது வேறொன்றால். மாற்றியிருக்கிறேன்.]

3

அவள் எழுதியதைப் படித்து ஆய்வு நெறியாளர் துள்ளினார். "பிரமாதம்மா! இதை நிறுவினா அந்தப் பத்தி நிக்காது. ஆனா கையில தைச்சவங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் சார்."

"தெரியும்னா? ஆதாரத்தை அடிக்குறிப்புல போடு. இல்லேன்னா எடுத்துடு."

சிக்கல் இதுதான். நீதிமன்றம் பெயரை மறைத்துப் பாதுகாக்கும் சாட்சியைக் காட்டிக்கொடுப்பது குற்றம், துரோகமும்கூட. எடுத்துவிட்டாலோ, சித்தி கடைசிவரை மாற்றிப் பேசியவராகவே நீதிமன்ற ஏட்டில் இருப்பார்.

4

சித்தி ஆய்வேட்டைப் படிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். இருவரும் அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடுவதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். அந்த வீட்டுக்குள் நான் இதற்கு மேல் போவதாக இல்லை. நீங்கள் போவதானால் கதவைத் தட்டிவிட்டுப் போங்கள்.

ஜூன் 30 அன்று ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டது. 88ஆம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: 'சாட்சி 41 இரண்டு நாளும் ஐந்து மணி நேரம் என்றுதான் சொன்னார்.' அடிக்குறிப்பு இல்லை. தேர்வாளர் ஓரத்தில் 'ஆதாரம்?' என்று எழுதி நான்கு மதிப்பெண் குறைத்தார்.